தலைப்பாகை கட்டிய விளக்குமாறு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விளக்குமாறு என்னை ஒரு வீட்டை விட்டு வெளியே அனுப்பியது.

அடித்து விரட்டவில்லை. அவ்வளவு தூரம் போகவில்லை. அது நிஜ விளக்குமாறுகூட இல்லை. காகிதத்தில் அச்சான ஜப்பானிய விளக்குமாறு. பிரேம் போட்டு, கண்ணாடி போட்டு, ஆணி அடித்துச் சுவரில் மாட்டிய விளக்குமாறு. மாட்டியது யார்? நான்தான். காசு கொடுத்து வாங்கியது? அதுவும் நான்தான்! 'சொந்தக் காசில் சூனியம்' என்பார்களே... அதை இனிமேல் யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் என் போட்டோவைக் காட்டினால் போதும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – மூன்று மாதமாக சிட்னியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் கேட்டது என்னவோ நான்கு கட்டுரைதான். நண்பன் ஞானத்திடம் நான் சொன்னது என்னவோ இரண்டு வாரம்தான். ஞானம் யாழ்ப்பாணத்துக்காரன். சென்னையில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறை. இப்போது இங்கே எஞ்சினீயர். சாலை போடும் இலாகாவில் வேலை. வெஸ்ட்மீடில் சின்னதாக ஒரு செங்கல் வீடு. மனைவி புஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் அவர்களுக்கு ஒரு படுக்கை அறை. அதை விட்டால் பின்பக்கம், எலுமிச்சை மரத்தைப் பார்த்த ஜன்னலோடு, ஒரே ஒரு சின்ன அறை.

அந்தச் சின்ன அறையில்தான் நான்.

இரண்டு வாரம் எப்படி மூன்று மாதம் ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நானும் முறைப்படி நடந்துகொண்டவன்தான், சார். வாரம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசத்துக்குச் சாதம் பிசையும்போது, "அடுத்த வாரம் கிளம்பிடலாம்னு பார்க்கிறேன்" என்று ஆரம்பிப்பேன். ஞானம் உடனே, "என்ன அவசரம் மச்சான், நில்லன்" என்பான். நில் என்றால் அவர்கள் ஊரில் தங்கு என்று அர்த்தம். அவ்வளவுதான். தீர்ப்பு வந்துவிட்டது. அப்பீல் கிடையாது. மோர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

தமிழன் வீட்டில் வேறு என்ன பதில் சொல்லுவான்? "அப்படியா, எத்தனை மணிக்கு பிளேன்?" என்றா கேட்பான்? இது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்றால்... தோன்றாமல் இருப்பதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நடுவில் ஒரு தடவை உண்மையாகவே கிளம்பினேன். மெல்பர்ன் பார்த்துவிட்டு அப்படியே சென்னைக்குப் பிளேன் ஏறுவதாகத் திட்டம். ஸ்டேஷனில் ஞானம் கட்டிப்பிடித்தான். புஷ்பம் இட்லிப் பொட்டலம் கொடுத்தார். மெல்பர்னில் டண்டினொங் பக்கம் ஒரு தமிழர் வீட்டில் தங்கினேன். அந்த மனிதர் நான்காம் நாள் காலையில் காபி டம்ளரோடு சேர்த்து ரயில் டைம்டேபிளையும் கையில் கொடுத்தார். 'சே, என்ன முரட்டு ஆள்!' என்று நினைத்துக்கொண்டேன். சென்னைக்குப் போகவும் மனம் வரவில்லை. பார்க்க வேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறதே! நேராக சிட்னி ரயிலேறி, வெஸ்ட்மீடில் போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது புஷ்பம். கையில் புது ஜன்னல் திரை. சின்ன அறையில் கட்டிலை இடம் மாற்றி, ஒரு நாற்காலி போட்டு, கம்பளி விரித்து வைத்திருந்தார்கள். எனக்கு ஒரே நெகிழ்ச்சி. நான் திரும்பி வருவேன் என்று எப்படித்தான் தெரிந்ததோ!

எனக்காக இல்லை. புஷ்பத்தின் அம்மாவுக்காக.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மகளிடம் வருவதாக நான் வந்த நாளிலிருந்து பேச்சு. தேதி குறிப்பார்கள், பிறகு அது தள்ளிப்போகும். 'ஏதோ விசா விவகாரம்' என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதோடு நிறுத்தினேனா? ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், பெற்ற தாயைக் கவனிக்காத பிள்ளைகளைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். "அம்மாவை எப்பத்தான் கூப்பிடப் போறீங்க?" என்று புஷ்பத்திடம் நேராகவே கேட்டேன். "பாப்பம், அண்ணை" என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் சமையலறையைக் குசினி என்பார்கள். மனதுக்குக் கஷ்டமாக ஏதாவது கேட்டால் பெண்கள் போய்ச் சேரும் இடம் எந்த ஊரிலும் அதுதான் போலிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்போது புஷ்பத்துக்கு ஐந்தாம் மாதம். தலைப் பிரசவம். தபால்காரனுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல் வெட்டும் மெஷினை மத்தியானத்தில் போடாமல் இருக்கும் அளவுக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை! குளிர்காலம், எப்போதும் தொளதொளவென்று ஒரு கம்பளிச் சட்டை. அவர்களாகச் சொல்லவும் கூச்சம். சொல்லாவிட்டால் என்ன, கண் எதற்கு இருக்கிறது? "கொஞ்சம் உடம்பு போட்டுட்டீங்க புஷ்பம், ராத்திரியில சோத்தைக் குறைங்க" என்று ஆலோசனை சொன்னவன் நான். உலகத்தை உற்றுப் பார்த்து உங்களுக்கு எழுதுபவன்!

சரி... விளக்குமாற்றுக்கு வருகிறேன்.

நகரத்தின் நடுவில் ஒரு ஹாலில் ஜப்பானிய மர அச்சுப் படங்களின் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்தேன். கட்டுரைக்கு ஆகுமே என்று போனேன். அரண்மனை, போர்வீரன், எரிமலை என்று எதிர்பார்த்துப் போனால்... முறம்! வாளி! அரிவாள்! கிணற்றுக் கயிறு! வைக்கோலில் பின்னிய செருப்பு, வைக்கோலிலேயே பின்னிய மழைக்கோட்டு, ஈரத்தோடு கவிழ்த்து வைத்த பானை. பட்டிக்காட்டு வீட்டில் காலில் இடறும் சாமான்கள் எல்லாம் பிரேமுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் தனி லைட். வெள்ளைக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்ச்சில் நிற்பதுபோல் முறத்தின் முன்னால் நின்றார்கள்.

நம் ஊரில் 'துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சலம்' என்று ஏளனம் செய்வோம். இங்கே நிஜமாகவே குஞ்சலம் கட்டி, அதைப் பார்க்க டிக்கெட்டும் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், சிரிப்பு நின்றுவிட்டது. என்ன வேலை! முறத்தின் ஒவ்வொரு மூங்கில் பட்டையும் தனியாகத் தெரிகிறது. மண்சுவரின் சாம்பல் நிறத்தில் அச்சுப் பலகையின் ரேகைகூட அப்படியே விழுந்திருக்கிறது.

ஒரு மூலையில் ஒரு ஜப்பானிய அம்மாள் அச்சடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பெயர் திருமதி தனாபே. கணவருக்கு இங்கே கம்பெனி வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகை. பிரஷ்ஷால் சாயம் தடவி, காகிதத்தை மேலே வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தக்கையால் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறார். ஒரு வாளி முழுசாக வர ஐந்து பலகை. அவ்வளவு பொறுமை. அந்த அம்மாளின் இன்னொரு குணத்தையும் அன்றே பார்த்தேன் – கேட்டால்தான் சொல்வார்.

எப்படித் தெரியும்? ஒரு படத்தில் காவடி மாதிரிக் கம்பின் இரண்டு பக்கமும் மூடி போட்ட இரண்டு மரவாளிகள். தடித்த கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று, மலைச் சுனையின் தூய்மையையே தான் உணர்வதாக மனைவியிடம் உருகிக்கொண்டிருந்தார். திருமதி தனாபே குனிந்து வணங்கினார். அவர்கள் நகர்ந்ததும் நான் மெதுவாக, 'தண்ணீர்தானா?' என்று கேட்டேன். 'இல்லை, வயலுக்கு எரு' என்றார். மாட்டு எருவா என்றேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, 'மனிதர்கள் கொடுப்பது' என்றார். 'அவரிடம் சொல்லியிருக்கலாமே!' என்றேன். 'அவர் என்னிடம் கேட்கவில்லையே' என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். கேட்காமல் உளறினால் இப்படித்தான் என்று அந்தப் பெரியவரை நினைத்துச் சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனேன். அதில்தான் நம் விளக்குமாறு.

ஒரு கிராமத்து வீட்டு வாசல். கதவோரமாகச் சுவரில் சாய்த்து, தலைகீழாக நிற்கிறது விளக்குமாறு. கைப்பிடி தரையில், குச்சிகள் மேலே. குச்சியின் மேல் நீலமும் வெள்ளையுமாக ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது. கீழே ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு, முனை வெளிப்பக்கம் பார்த்து. அவ்வளவுதான் படம்.

இது என்ன என்று அந்த அம்மாளைக் கேட்டேனா? நான் எதற்குக் கேட்க வேண்டும்? எனக்குத்தான் பார்த்ததுமே புரிந்துவிட்டதே!

அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். 'இத்தனை நாள் தரையைத் தேய்த்த உழைப்பு இன்று தலை நிமிர்ந்துவிட்டது. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டது. செருப்பு வீதியைப் பார்த்துவிட்டது' என்று ஒரு பக்கத்துக்கு முழங்கியிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் மூன்று பக்கம் பாராட்டி எழுதினார். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினாராம். அவரிடமும் அந்த மாணவர்களிடமும் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கத்தரித்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அடுப்புப் பற்றவைக்க உபயோகித்துக்கொள்ளவும்.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை வாங்கி, பரமட்டாவில் பிரேம் போட்டு, இத்தனை நாள் சோறு போட்டவர்களுக்கு என் நன்றியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புஷ்பம் ரொம்ப நேரம் பார்த்தார். வாசலுக்கு எதிரே விளக்குமாறும் செருப்புமா என்ற கேள்வி முகத்தில் தெரிந்தது. வாய் மட்டும், "வடிவா இருக்கு, அண்ணை" என்றது. வடிவு என்றால் அழகு. நான் மூடநம்பிக்கையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் என் கையாலேயே ஆணி அடித்தேன். அங்கே இருந்த முருகன் காலண்டர் குசினிக்குப் போனது. சந்தோஷத்தில், ஊரெல்லாம் ஜக்கராண்டா மரங்கள் ஊதாவாகப் பூப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்றும் அறிவித்தேன். அது பூக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

ஞானம், "நில்லன் மச்சான்" என்றான். இந்தத் தடவை குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி என்று நினைத்தேன்.

இப்படி ஐந்து வாரம் ஓடியது. போன ஞாயிறு திருமதி தனாபேயைச் சாப்பிட அழைத்திருந்தேன். நான் அழைத்திருந்தேன் – ஞானத்தின் வீட்டுக்கு, புஷ்பத்தின் சமையலுக்கு! மூன்று வாரத்தில் புஷ்பத்துக்குக் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை லீவு அது. காலையிலிருந்து நின்றுகொண்டே சோறு, சொதி, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம் எல்லாம் செய்தார். நான் உப்புப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்குத் திருமதி தனாபே வந்தார். கையில் பட்டுத்துணியில் மடித்த ஒரு டப்பா. வாசலில் ஷூவைக் கழற்றினார். குனிந்து, அதை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி ஒழுங்காக வைத்தார். நிமிர்ந்தார். எதிரே படம்.

அப்படியே நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார், ஞானத்தைப் பார்த்தார், புஷ்பத்தைப் பார்த்தார். பிறகு சோபாவின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்தார். கொடுத்த ஆரஞ்சு ஜூஸில் பாதி குடித்தார். பத்தே நிமிஷம்... தனக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டதாகவும், மிகவும் சந்தோஷமாக இருந்ததாகவும், போய் வருவதாகவும் எழுந்துவிட்டார்!

குசினி வாசலில் புஷ்பம் தட்டோடு நின்றார். முகம் வாடிவிட்டது. "எங்கட சாப்பாட்டு மணம் அவவுக்குப் பிடிக்கேல்லைப் போல, அண்ணை" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

விடுவேனா நான்? தமிழர் விருந்தோம்பலின் மானம் என் கையில் அல்லவா இருக்கிறது – அதுவும் அடுத்தவர் வீட்டு விருந்தோம்பல்! சாப்பிடாமல் ஒருவர் போவது எங்கள் வழக்கமே இல்லை என்றேன். உங்கள் நாட்டுப் படத்தை வாசலிலேயே மாட்டி உங்களை வரவேற்றிருக்கிறோம், கவனித்தீர்களா என்றேன்.

கவனித்ததாகச் சொன்னார். அதனால்தான், என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அதனால்தான் என்ன என்று கேட்டேன். கேட்டால் சொல்வார் அல்லவா? சொல்லிவிட்டார்.

கிராமத்து வழக்கமாம். வந்த விருந்தாளி ரொம்ப நாள் உட்கார்ந்துவிட்டால், போ என்று எப்படிச் சொல்வது? மரியாதைக் குறைவு. அதனால் வீட்டுக்காரி விளக்குமாற்றை எடுத்துத் தலைகீழாக நிறுத்தி, மேலே ஒரு துண்டைப் போர்த்திவைப்பாளாம். செருப்பை வெளிப்பக்கம் திருப்பி வைப்பாளாம். விருந்தாளி தானாகக் கிளம்பிவிடுவானாம். இப்போதெல்லாம் வேடிக்கைக்குச் சொல்வதுதான், ஆனால் வாசலிலேயே மாட்டியிருப்பதைப் பார்த்ததும்... என்று சொல்லி, அவர் தலை குனிந்துகொண்டார்.

எனக்கு ஒரே பதற்றம். ஐயோ, இது உங்களுக்காக இல்லை, சத்தியமாக உங்களுக்காக இல்லை, ஐந்து வாரமாக இங்கேதான் தொங்குகிறது என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் தெளிந்தது. ரொம்ப வெள்ளை மனதோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியென்றால், யாருக்காக?"

ஞானம் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, திரை போட்டிருந்தது. அந்த வீட்டில் விருந்தாளி என்று இருந்தது இரண்டே பேர். ஒருவருக்காக இல்லை என்று நானே சத்தியம் செய்துவிட்டேன். மிச்சம்?

முதலில் சிரித்தது புஷ்பம். அந்த மூன்று மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். சமையல் சூட்டில் கம்பளிச் சட்டையின் பட்டன்கள் திறந்திருந்தன. சிரிப்புத் தாங்காமல் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான், வாசகர்களே, அப்போதுதான் இந்தக் கண்ணுக்கு அது தெரிந்தது. ஏழு மாதம்.

சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அம்மா மூண்டு தரம் டிக்கெட்டை மாத்திப்போட்டா, அண்ணை" என்றார் புஷ்பம்.

"நீர் சும்மா இரும், புஷ்பம்" என்றான் ஞானம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்டும் நினைக்காதை மச்சான். நீ நில்" என்றான். சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருமதி தனாபேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுகிறவர் யார், அசடு வழிகிறவர் யார் என்று புரிய மொழி எதற்கு? எழுந்து போய் புஷ்பத்தை உட்காரவைத்து, தானே தட்டை எடுத்துக்கொண்டுவந்து பரிமாற ஆரம்பித்துவிட்டார். படம் தனக்கில்லை என்று தெரிந்துவிட்டதால் நிம்மதியாகவும் சாப்பிட்டார். சொதி இரண்டு தடவை. பாயசம் மூன்று தடவை. எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.

அவர் போன பிறகு, ஞானத்தைக் கட்டாயப்படுத்திக் கேட்டேன். அவன் அலமாரியிலிருந்து நீல நிறத்தில் ஒரு ஏர்மெயில் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். புஷ்பத்தின் அம்மா எழுதியது. விருந்தாளிக்கென்று வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் நண்பர் தங்கியிருக்கிறார், வேறு ஏதாவது ஏற்பாடு செய்கிறோம் வாருங்கள் என்று இவர்கள் எழுதியதற்குப் பதில். முழுவதும் படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. இரண்டு வரி மட்டும் சொல்கிறேன்:

'அந்தத் தம்பி தன்ர பாட்டில நிண்டிட்டுப் போகட்டும். நான் வந்து ஒரு விருந்தாளியை எழுப்பி அனுப்பினன் எண்டு இருக்கப்படாது. உடம்பைக் கவனமாய்ப் பார் பிள்ளை, கனமானதுகள் ஒண்டும் தூக்காதை.'

வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் – ரொம்ப வெட்கமாக இருந்தது. என்னை முன்னே பின்னே பார்த்திராத ஒரு தாய், தலைப் பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளிடம் வராமல், எனக்காக அறையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் அந்த அறையில் படுத்துக்கொண்டு, பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளைப் பற்றி யோசித்திருக்கிறேன்!

கண்காட்சியில் நின்ற அந்தக் கோட்டுக்காரப் பெரியவரையும் நினைத்துக்கொண்டேன். அவராவது ஒரு நாள், ஒரு படத்தின் முன்னால் உளறினார். என்னைப் போன்றவர்களுக்கு எதையும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினால்தான் கண் தெரிகிறது. முறத்தில் மூங்கில் பட்டையை எண்ணுவோம். அதே வீட்டில் ஒரு பெண் கம்பளிச் சட்டைக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நமக்குச் சோறு போடுவாள். அதற்குத் தலைக்கு மேல் லைட் யாரும் போட மாட்டார்கள்.

சரி, பிரசங்கம் போதும். அதனால்தான் இவ்வளவும் வந்தது.

மறுநாளே கிளம்பினேன். ஞானம் தடுத்தான். இந்தத் தடவை நான் மோர் வரை காத்திருக்கவில்லை. செவன் ஹில்ஸில், மால்டா தேசத்து அம்மாள் ஒருவர் வீட்டில் ஒரு வாடகை அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, தொழிற்சாலை ஷெட்டுகளைப் பார்த்த ஒரு ஜன்னல். இன்னும் இரண்டு வாரம். அப்புறம் சென்னைதான், ஜக்கராண்டா பூத்தால் என்ன பூக்காவிட்டால் என்ன! படத்தைக் கழற்றி எடுத்துப் போகிறேன் என்றேன். புஷ்பம் விடவில்லை. இப்போதுதான் அது பிடித்திருக்கிறதாம். ஆனால் முருகன் காலண்டர் பழையபடி ஹாலுக்கு வந்துவிட்டது. விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் வேலோடு நிற்கிறார். இனி அந்த வீட்டில் யாரும் தைரியமாகத் தங்க முடியாது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ஞானம் காரை எடுத்துக்கொண்டு செவன் ஹில்ஸுக்கே வந்துவிட்டான். என்னடா என்றால், யாழ்ப்பாணத்துக்கு டிரங்க் கால் போட்டு, அறை காலி, வாருங்கள் என்று சொன்னார்களாம். அம்மா நம்பவில்லையாம். தனக்காக அந்தத் தம்பியை எழுப்பிவிட்டீர்கள், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம், அவர் வாயால் சொன்னால்தான் பிளேன் ஏறுவேன் என்று பிடிவாதமாம். மறுபடி கால் புக் செய்திருந்தார்கள்.

போனேன். அம்மா வீட்டில் போன் கிடையாது. பக்கத்து டாக்டர் வீட்டுக்கு வந்து காத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. புஷ்பம் என் முழங்கையை ஒட்டியே நின்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன்.

கடலுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் குரல் வந்தது. முதல் கேள்வி, "தம்பி, சாப்பிட்டீங்களோ?" சாப்பிட்டேன் என்றேன். இரண்டாவது கேள்வி, "எனக்காகத்தானே எழும்பிப் போனனீங்கள்?"

வாழ்க்கையில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன். கூச்சப்படாமல் சொன்ன நல்ல பொய் இது ஒன்றுதான். "இல்லம்மா, எனக்கு ஊர்ல வேலை வந்துடுச்சு. நானா தான் கிளம்பினேன். ரூம் காலியாத்தான் இருக்கு, நீங்க உடனே வாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு அம்மா நிம்மதியாக, அப்படியென்றால் வருகிற வாரமே பிளேன் ஏறுவதாகச் சொன்னார். புஷ்பத்துக்கும் அது கேட்டுவிட்டது. என் முழங்கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"ஒண்டு சொல்லுறன், தம்பி" என்றது போன். "நான் வந்து சேர்ந்தாப் பிறகு, நீங்கள் ஊருக்குப் போகாமல் ஒரு மாதம் எங்களோட வந்து நிக்கோணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் போனைப் பிடுங்கிக்கொண்டார்.